உதை குறைந்த கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் முதன்முதலாக வாங்கும் பெண்களுக்கு

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்குள் ஒரு பெண் நுழைந்து, "கூடவே எடுத்துப் போக ஒன்று வேண்டும், ரொம்ப உதைக்கக் கூடாது" என்று கேட்டால், கவுண்டரில் நிற்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எடுத்து வைப்பார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன பிஸ்டல், இல்லையென்றால் ஐந்து தோட்டா போடும் குட்டி ரிவால்வர். பல கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்திலும் கிடைக்கும். பார்க்க இரண்டும் சாதுதான். ரேஞ்ச் என்னும் சுடும் பயிற்சி இடத்தில் பத்து தோட்டா சுட்ட பிறகு கை நடுங்க ஆரம்பித்து, "இது நமக்கு ஒத்துவராது" என்று வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சின்னது மென்மையாக இருக்கும் என்ற நினைப்பு துப்பாக்கியில் அப்படியே தலைகீழ். இந்தக் கட்டுரையில் மிச்சம் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

விசா முதலில், துப்பாக்கி அப்புறம்

நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று அந்த வழியில் இறங்கக் கூடாது. ஆயுதச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதில் தவறு நேர்ந்தால் போவது விசாவே. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

கணவருக்குக் குடியுரிமை, மனைவிக்கு இன்னும் தற்காலிக விசா என்று இருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. "அவர் பேரில் வாங்கி நான் வைத்துக்கொள்கிறேன்" என்பது அப்பாவித்தனமாகத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடிய ஒருவருக்கு உண்மையான பரிசாக வாங்கித் தரலாம். இன்னொருவர் பணத்தை வாங்கி, உங்கள் பேரில் படிவத்தை நிரப்பி வாங்கிக் கொடுப்பது மத்தியக் குற்றம்.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கஞ்சா பற்றியும் அந்தப் படிவத்தில் கேள்வி வரும். உங்கள் மாநிலத்தில் அது சட்டபூர்வமாக இருந்தாலும் மத்தியச் சட்டத்தில் இல்லை. பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

மறைத்து எடுத்துச் செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள பெரியவர்களுக்கு உரிமம் கட்டாயமில்லை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் அம்மாக்கள் தினமும் அந்த எல்லைக்குள்தான் போய் வருகிறார்கள். டெக்சாஸ் உரிமத்துக்கு ஒரு வகுப்பும், 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டா சுடும் தேர்வும் உண்டு. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய் மாநிலங்களில் பயிற்சி நேரமே 16 மணியில் தொடங்குகிறது. நியூ ஜெர்சியில் உரிமம் இருந்தாலும் வெளியே கொண்டுபோகும் தோட்டாவின் வகைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே உங்கள் மாநிலக் காவல் துறையின் இணையதளத்தைப் படித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

உதை எங்கிருந்து வருகிறது

தோட்டா முன்னால் பாய்கிற வேகத்துக்கும் எடைக்கும் ஈடாகத் துப்பாக்கி பின்னால் வரும். பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் ஓடிவிடும். அதே தாவலைப் பெரிய படகிலிருந்து செய்தால் படகு அசைந்ததே தெரியாது. துப்பாக்கி கனமாக இருக்க இருக்க உதை குறைவதும் அதே கணக்குதான்.

இப்போது எடைகளைப் பாருங்கள். கடைக்காரர் நீட்டும் ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம். ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர் சுமார் 410 கிராம். கிளாக் 19 பிஸ்டல் காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) சுமார் 670 கிராம். எல்சிபி சுடுவது .380 தோட்டா, கிளாக் 19 சுடுவது அதைவிட வலுவான 9 எம்எம் தோட்டா. அப்படியிருந்தும் புதிதாகச் சுடும் பலருக்குக் கிளாக் 19தான் சுட இதமாக இருக்கும். எல்சிபி பல்லைக் கடிக்க வைக்கும்.

எடை மட்டும் கதையல்ல. பிடி குட்டையாக இருந்து சுண்டு விரல் கீழே தொங்கினால், குழல் மேல்நோக்கித் துள்ளும்போது அடக்க ஆள் இல்லை. குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு துள்ளல். பிடி மெலிதாக, கூர்மையான விளிம்போடு இருந்தால் அதே உதை ஒரே இடத்தில் குத்தும், அகலமாக இருந்தால் உள்ளங்கை முழுக்கப் பரவும். உள்ளே இருக்கும் இயந்திர அமைப்புக்கும் பங்கு உண்டு. சினிமாவில் அழகாகத் தெரியும் வால்தர் பிபிகே, குழல் அசையாமல் ஸ்லைடு என்னும் மேல்பகுதி மட்டும் பின்னால் வரும் எளிய அமைப்பு. அதனால் அதன் ஸ்பிரிங் கடினம், உதையும் வெடுக்கென்று இருக்கும். அதே .380 தோட்டாவை, குழல் பூட்டித் திறக்கும் புதிய பிஸ்டல்களில் சுட்டுப் பார்த்தால் வேறு தோட்டாவோ என்று தோன்றும்.

இழுக்க முடியவில்லையா, உதை தாங்கவில்லையா?

"எனக்கு மென்மையான துப்பாக்கி வேண்டும்" என்று கேட்பவர்களிடம் இரண்டு வேறு வேறு குறைகள் இருக்கலாம். ஒன்று உதை. இன்னொன்று, ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடியாமை. இரண்டாவது குறையைப் பார்த்துத்தான் பல கடைகளில் "அப்படியானால் ரிவால்வர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். ரிவால்வரில் இழுக்க ஸ்லைடு கிடையாது, உண்மைதான். ஆனால் 642 போன்ற மறைசுத்தியல் ரிவால்வரின் விசை (டிரிகர்), விரலால் இழுத்து முடிப்பதற்குள் குறி நகர்ந்துவிடும் அளவுக்குக் கனமானது. எடை குறைவு என்பதால் உதையும் பலமாக இருக்கும். ஒரு குறையைத் தீர்க்கப் போய் இரண்டு குறை வந்து சேரும்.

ஸ்லைடு இழுப்பதில் பாதிக்கு மேல் முறைதான். பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பின்னால் கிள்ளி இழுத்தால் ஆண்களுக்கே வராது. இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடுக்கு மேல் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். இடது கை அசையாமல் இருக்க, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். குழல் முழு நேரமும் எதிரே இருக்கும் இலக்கின் பக்கம்தான் பார்க்க வேண்டும். உடலைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்கும்போது குழல் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும். இந்த முறையிலும் வரவில்லை, மூட்டுவாதம் இருக்கிறது என்றால் அதற்கென்றே செய்த பிஸ்டல்கள் இருக்கின்றன. கீழே வருகிறேன்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு

பெரும்பாலான உள்ளரங்க ரேஞ்சுகளில் துப்பாக்கிகளை வாடகைக்குத் தருவார்கள். ஒரு தொகை கட்டினால் பலவற்றை மாற்றி மாற்றிச் சுட விடும் இடங்களும் உண்டு. முதல் முறை தனியாகப் போகாமல் பயிற்றுநரோடு போங்கள். கணவரோ அண்ணனோ கற்றுக்கொடுப்பதைவிட வெளியாள் நல்லது. வீட்டுக்காரர் சொல்லும் திருத்தம் திருத்தமாகக் காதில் விழாது. பெண்கள் மட்டும் கூடிப் பயிலும் 'எ கேர்ள் அண்ட் எ கன்' போன்ற குழுக்களுக்குப் பல நகரங்களில் கிளை இருக்கிறது.

உடை விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு சூடாக வெளியே தெறிக்கும். கழுத்து இறங்கிய மேல்சட்டைக்குள் அது விழுந்தால் துள்ளிக் குதிக்கத் தோன்றும், கையில் குண்டு நிரம்பிய துப்பாக்கி இருக்கும். கழுத்து மூடிய சட்டை, மூடிய காலணி, முன்விளிம்பு உள்ள தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் ஃபோம் செருகி, அதற்கு மேல் காதுக்கவசம் என இரண்டும் வேண்டும். புதியவர்கள் "உதை" என்று பயப்படுவதில் பாதி சத்தம்தான், காதை நன்றாக மூடினால் கை தானே அடங்கும். முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், ஈயத்தூள் ஒட்டியிருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் ஈயத்தையும் சத்தத்தையும் நினைத்து ரேஞ்சைத் தள்ளிப்போடுவதே சரி.

முதலில் .22 பிஸ்டலில் தொடங்குங்கள். அதில் உதை என்று சொல்ல எதுவுமில்லை. குறி, பிடி, விசை மூன்றும் பழகிய பிறகு .380, அப்புறம் 9 எம்எம்.

ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்ததும் கை பொருந்துகிறதா என்று பாருங்கள். முன்கையும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடியுங்கள். காலியென்று பயிற்றுநர் காட்டிய பிறகு, ஆள்காட்டி விரலின் முதல் கணு தாராளமாக விசையில் அமர்கிறதா என்று பாருங்கள். விரல் நுனி மட்டும்தான் எட்டுகிறது, எட்ட வைக்க உள்ளங்கையைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் பிடி பெரிது. அப்படித் திருப்பிப் பிடித்தால் உதை முழுவதும் பெருவிரல் மூட்டில் இறங்கும். அது தப்பான துப்பாக்கி, எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும்.

பிறகு 5 கஜ தூரத்தில் ஐந்தைந்தாகச் சுடுங்கள். ஐந்தும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழுகின்றனவா என்பதைவிட, மூன்றாவது மேகசினிலும் அப்படியே விழுகின்றனவா என்பதைக் கவனியுங்கள். உதை அதிகமாக இருந்தால் போகப் போகக் குண்டுகள் கீழே இறங்கும். வெடிக்கும் முன்பே கை முன்னால் குனிகிறது என்று பொருள். பயிற்றுநரிடம் கேட்டால் நடுவில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து போடுவார். அது வெடிக்காதபோது குழல் வெடுக்கென்று கீழே சாய்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல சோதனை, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

எந்தத் தோட்டா

.22 உதைக்காது. ஆனால் அது விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை, வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிடக் கூடுதல். பழகுவதற்கு அருமை. உயிர் காக்க வேறு எதுவும் கைக்கு ஆகவில்லை என்றால் மட்டும்.

.380 ஏசிபி தோட்டா 1908இல் வந்தது, 9 எம்எம்முக்குத் தம்பி. விட்டம் ஒன்றுதான், வெடிமருந்து குறைவு. இதில், உடலில் பட்டதும் முனை விரியும் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. எஃப்பிஐ தன் சோதனைகளில் உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவலை எதிர்பார்க்கிறது. .380இல் நன்றாக விரியும் சில தோட்டாக்கள் அந்த 12ஐத் தொடுவதில்லை. சோதனை முடிவுகளைப் பார்த்து வாங்குங்கள்.

9 எம்எம்தான் இன்று பொது வழக்கு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், விலை குறைந்தால் நிறையச் சுட்டுப் பழகலாம். 500 கிராமுக்கு மேலிருக்கும், கைக்குப் பொருந்தும் பிஸ்டலில் பெரும்பாலான பெண்களால் இதைச் சமாளிக்க முடியும் என்பது என் துணிபு. பெட்டியில் '+பி' என்று போட்டிருந்தால் அழுத்தம் கூடியது, உதையும் கூடும், வேண்டாம். குறைந்த உதைக்கென்றே வரும் தோட்டாக்களும் இருக்கின்றன. ஹார்னடியின் 100 கிரெய்ன் (தோட்டா முனையின் எடை அளவு) கிரிட்டிகல் டிஃபென்ஸ் லைட் அதில் ஒன்று. அதன் முனை இளஞ்சிவப்பு. இந்த நிறத்தை விட மாட்டார்கள் போல.

பயிற்சிக்கு உருண்டை முனைத் தோட்டா போதும். எடுத்துச் செல்ல அது வேண்டாம். உடலைத் துளைத்துப் பின்னால் இருப்பவர் மேலும் பாயும், அமெரிக்க வீடுகளின் அட்டைச் சுவர் அதற்கு ஒரு தடையே அல்ல.

பார்க்க வேண்டிய சில துப்பாக்கிகள்

ஸ்லைடு இழுப்பதுதான் சிக்கல் என்றால் முதலில் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி. .380 வகை 2018இல் வந்தது, 9 எம்எம் அதற்குப் பிறகு. ஸ்லைடு வியக்கும்படி இலகு. பிடியின் பின்பக்கம் ஒரு பாதுகாப்பு அழுத்தி இருக்கிறது, அதை முழுதாக அழுத்திப் பிடித்தால்தான் சுடும். சின்னக் கைகளில் அது முழுதாக அழுந்துகிறதா என்று சுட்டுப் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று: 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்த ஷீல்டு ஈஸி பிஸ்டல்களைச் சுத்தியல் கோளாறுக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. தொடர் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரூகர் செக்யூரிட்டி-380 இதற்குப் போட்டி. அதுவும் இலகுவான ஸ்லைடு, 15 தோட்டா மேகசின், சுமார் 560 கிராம். .380 தோட்டாவுக்கு இது தாராளமான எடை என்பதால் உதை அடங்கிவிடுகிறது. கொஞ்சம் பெரிது, மறைப்பது சிரமம். எனக்கு யாராவது ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சுட்டுப் பார்க்கச் சொல்வேன்.

மெலிதாக வேண்டும், கை வலுவும் பரவாயில்லை என்றால் சிக் பி365 வரிசை. 2018இல் வந்த சின்னப் பிஸ்டலைவிட, பிடி நீண்ட எக்ஸ்எல் வகை அடங்கிச் சுடும். கிளாக் 43எக்ஸ் அதே ரகம். பெண்களின் கை அளவை வைத்தே வடிவமைத்தது வால்தர் பிடிபி-எஃப். விசைக்கு விரல் எட்டும் தூரம் குறைவு, ஸ்லைடும் இலகு. சுட மிக இதம், ஆனால் இடுப்பில் மறைக்கத் தளர்ந்த உடை வேண்டும்.

விரல்களில் வலுவே இல்லை என்பவர்களுக்குப் பெரெட்டா டாம்கேட் என்ற .32 பிஸ்டல். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும், தோட்டாவை நேராக வைத்து மூடிவிடலாம். ரிவால்வர்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் .38இல் 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டாவோடு சுட்டுப் பாருங்கள், முனை தட்டையான பழைய ரகம், உதை பாதியாகக் குறைந்தது போலிருக்கும்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மறைத்து எடுத்துச் செல்ல முடிகிற துப்பாக்கிகளில் எடை கூடியது எதுவோ, அதில் உங்கள் விரல் விசைக்குச் சரியாக எட்டுவது எதுவோ, அதுதான் உங்களுடையது.

எதில் வைத்து எடுத்துப் போவது

கைப்பை வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடையில், தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுக்க, அது வெடித்துத் தாய் இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. பையைப் பறிப்பவன் துப்பாக்கியையும் சேர்த்தே பறிக்கிறான் என்பது இன்னொரு காரணம்.

உடம்போடு ஒட்டி இருப்பதே பாதுகாப்பு. ஹோல்ஸ்டர் என்னும் துப்பாக்கி உறை கெட்டியான பிளாஸ்டிக்கில், விசையை முழுவதும் மூடியதாக இருக்க வேண்டும். மெத்தென்ற துணி உறையில் விசை அழுந்திவிடும். பெண்களின் பேன்ட்டில் இடுப்புப் பட்டி பலவீனம், லெக்கிங்ஸில் பெல்ட்டே கிடையாது. அதற்காகத்தான் ஃபில்ஸ்டர் எனிக்மா போன்றவை வந்தன, தனிப் பட்டையாக இடுப்பில் கட்டி அதன் மேல் எந்த உடையும் போடலாம். தளர்ந்த குர்தா இதற்கு மிக வசதி. புடவைக்கு ஒத்துவராது, மடிப்புக்குள் கையை விட்டுத் தேடும் நிலை வரக் கூடாது. புடவை கட்டும் நாளில் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். கோயில், மருத்துவமனை, கடை வாசலில் தடைப் பலகை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில்

இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டிய பெட்டகத்தில். மெத்தைக்கு அடியில், அலமாரியின் உயரமான தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்பதெல்லாம் குழந்தைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். எண்ணை அழுத்தினால் நொடியில் திறக்கும் சின்னப் பெட்டகங்கள் கிடைக்கின்றன. டெக்சாஸில், பாதுகாக்காமல் வைத்த துப்பாக்கி 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கையில் கிடைத்தால் வைத்தவர் மேல் வழக்கு வரலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்காவது, உங்களுக்கே கூட, மனச்சோர்வு இருக்கும் காலமென்றால் துப்பாக்கியை வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் வெளியே பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சட்டப்படி என்ன வழி என்று கடையிலோ காவல் துறையிலோ கேளுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்.

கடைசியாக, ஊருக்குப் போகும் சமயம். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பையின் ஓரத்தில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டா, சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கும் கைதும் வரை போகலாம். அமெரிக்க உரிமம் அங்கே செல்லாது. ரேஞ்சுக்கு அடர்ந்த நிறத்தில் தனிப் பையாக வாங்கி, பெட்டகத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவையுங்கள்.